அட்மின் வீட்டு ஆள்

மாடியில் செடி வளர்ப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு நடத்திவந்த அந்த அம்மாளை எல்லாரும் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை மூண்டால் அந்தப் பேச்சைப் பட்டென்று பூட்டிவிடுவதால் வந்த பட்டம். உரம் விற்கிற எவனாவது புது உறுப்பினர் வேஷம் கட்டிக்கொண்டு, "இந்த உரம் போட்டேன், தக்காளி கொத்துக்கொத்தா தொங்குது" என்று எழுதினால் போதும், அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். பிடித்துக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே சாக்கு: "அது நான் இல்லக்கா, என் போன்ல தம்பி போட்டது."

பூட்டக்காவிடம் பதில் தயாராக இருக்கும். "தம்பி இருந்தா நேர்ல வரச் சொல்லுங்க." இதுவரை எந்தத் தம்பியும் வந்ததில்லை.

சந்தேகம் நல்ல வேலைக்காரிதான். என்ன, வேலை முடிந்ததும் கிளம்பச் சொன்னால் கிளம்பாது, வீட்டிலேயே தங்கிவிடும். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாயங்காலம் கொஞ்சம் தாமதமாக வந்தால், வாசலிலேயே விசாரணை. "எங்க போனீங்க? யார்கூட?" பாவம் மனிதர், "கடைலதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். அதற்கு மேல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு, இப்படிக் குழு நடத்துகிற அட்மின்கள் எல்லாம் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு மாநாடு கூட்ட முடிவு செய்தார்கள். எதைப் பற்றிப் பேசுவது, யாரைப் பேச வைப்பது என்று தீர்மானிக்க மூன்று பேர். பெற்றோர் குழு நடத்தும் டீச்சர் தலைவி. ஓட்டுநர் குழு நடத்தும் டாக்ஸிக்காரர். மூன்றாவது ஆள் பூட்டக்கா. போலிக் கணக்கைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற முதல் அமர்வையும் அவளே மேடையேறி நடத்த வேண்டும். ஊரான் வீட்டுச் சண்டையை எல்லாம் சம்பளமில்லாமல் தீர்த்துவைத்த அவளுடைய முகம்கூட யாருக்கும் தெரியாது. அந்த மேடை அவளுக்கு அவ்வளவு பெரிது.

பேச விரும்புகிறவர்கள் அனுப்பிய குறிப்புகளைப் பெயரை மறைத்துத்தான் மூவருக்கும் தருவார்கள். படித்து மதிப்பெண் போட வேண்டும். ஒன்றின் தலைப்பைப் பார்த்ததுமே பூட்டக்காவின் கண் சுருங்கியது. 'அட்மினோடு குடித்தனம்.' உள்ளே இப்படி இருந்தது: "எங்கள் வீட்டில் ஒரு ஆள் சிரித்தால், என்ன விஷயம் என்று கேட்க மாட்டார்கள். என்ன மறைக்கிறாய் என்று கேட்பார்கள்."

நம்மைக் கேலி செய்யக் கிளம்பியிருக்கிறான் எவனோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூஜ்யம் போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: "போலி. எந்த அட்மின் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருக்க முடியாது. அனுப்பியது யாரென்று சோதிக்கவும்." கூட்டத்திலும் விடவில்லை. சோதித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

சோதித்தார்கள்.

அடுத்த கூட்டம் டீச்சரின் பள்ளிக்கூடத்தில், விடுமுறை நாளில், ஒரு காலி வகுப்பறையில். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, அதுல பேரே போடல. ஆனா உங்க வீட்டு நெட் இணைப்புலேருந்துதான் வந்திருக்கு."

"என்னது?"

"வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு!"

"நானே எழுதி நானே பூஜ்யம் போடுவேனா?" என்றாள் பூட்டக்கா டீச்சரைப் பார்த்து.

"கெட்டிக்காரப் போலி அப்படித்தான் செய்யும்னு போன கூட்டத்துல சொன்னதே நீங்கதானேம்மா?" என்றார் டீச்சர். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இது வெளிய தெரிஞ்சா உங்களை எப்படி மேடையேத்தறது?"

பூட்டக்காவின் வாய் முந்திக்கொண்டது. "அது நான் இல்ல டீச்சர். எங்க வீட்டுக்காரரா இருக்கும்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. டாக்ஸிக்காரர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுக்காரர் இருந்தா நேர்ல வரச் சொல்லுங்க."

போன் போட்டாள். அவர் வரும்வரை அவள் மனம் சும்மா இருந்ததா? இவருக்கு எழுத யார் சொல்லிக்கொடுத்தார்கள், எதற்கு ஒளித்தார், இன்னும் என்னென்ன ஒளித்திருக்கிறார் என்று நோண்டிக்கொண்டே இருந்தது. தன் மானம் கப்பலேறுகிற நேரத்திலும் அந்தப் புத்தி போகவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு, கண்ணாடி துடைக்கிற துணி கையிலிருக்க, அப்படியே வந்து நின்றார். "நான்தாங்க எழுதினேன். இவ போன்ல பேசும்போது மாநாட்டைப் பத்தி காதுல விழுந்துச்சு."

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?" என்றார் டீச்சர்.

"சொன்னா, யார் தூண்டிவிட்டாங்கன்னு கேப்பாளே."

டாக்ஸிக்காரர் குலுங்கிச் சிரித்துவிட்டார். டீச்சருக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. "உங்க மனைவி இதுக்கு என்ன எழுதியிருக்காங்க தெரியுமா?" என்று வாசித்துக் காட்டினார். எந்த அட்மின் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருக்க முடியாது.

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்யில்லைங்க. அப்படி ஒரு ஆள் வீட்ல இருக்கறது அவளுக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "நம்புறேன்" என்றார். பூட்டக்காவின் மேடை பிழைத்தது. அவளுக்கோ தரை பிளந்து உள்வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"மாநாட்டுல மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் காலியா இருக்கு சார்," என்றார் டீச்சர். "யாரும் வாங்கிக்க மாட்டேங்கறாங்க. பாதிப் பேர் தூங்கிருவாங்க."

"பரவால்லைங்க. கேக்க ஆளில்லாமப் பேசிப் பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்பிப் போனார்.

அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடத் தாமதம். அழைப்புமணி கேட்டு பூட்டக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நாக்கு நுனிவரை வந்த கேள்வியைப் பல்லைக் கடித்து விழுங்கினாள். இன்று எப்படி இருந்தது என்று கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், அவர் குனிந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னார்.

"கடைலதான் இருந்தேன்."