குலுக்காத பால்

கட்டிங் மாஸ்டர் பால் பாட்டிலை எடுப்பதைப் பார்த்தால், தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுகிறாரோ என்று தோன்றும். தையல் கூடத்துக்கு அவர்தான் முதலில் வருவார். ஷட்டரைத் தூக்கிவிட்டு நேராகப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் வைப்பார். டீத்தூள் இறங்கியதும் ஃப்ரிட்ஜைத் திறந்து, கழுத்தில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் கொடுத்துப் பாட்டிலை எடுப்பார். மூடியைத் திருகி, டம்ளர் விளிம்பில் பாட்டில் வாயைச் சாய்த்து, சத்தமே வராமல் ஊற்றுவார். கழுத்தில் தங்கும் கடைசிச் சொட்டைக் கட்டைவிரலால் வழித்து, ஆளே இல்லாத அந்த அறையிலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நக்கிக்கொள்வார்.

அசைக்காமல் எடுப்பது தொழிலில் வந்த புத்தி. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்ட பிறகு மேசையில் யாராவது இடித்துவிட்டால் போதும், அடியில் இருக்கும் சட்டைக்கு ஒரு கை குட்டையாகிவிடும். அவர் மேசைப் பக்கம் தும்மக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். ஒரு முழம் துணியைக்கூட வீணாக்காதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. இஸ்திரி போட்ட சட்டையைப் போல அந்தப் பெயரைத் தினமும் அணிந்துகொண்டுதான் வேலைக்கு வருவார்.

பாட்டில் பால் வர ஆரம்பித்தது சமீபத்தில்தான். அதுவரை பாக்கெட் பால். முதலாளியம்மா தனக்குத் தெரிந்த ஒரு பண்ணையில் சொல்லிவைத்தார். சாயங்காலம் வந்து இறங்கும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் நிற்கும். முதல் நாள் குடித்ததுமே மாஸ்டர் சொக்கிப்போனார். மஞ்சள் பாய்ந்த, கெட்டியான பால். டீயின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மின்னின. வீட்டுக்குப் போய் மனைவியிடம், "பாலுன்னா அது பாலு. நீ ஊத்துறது வெள்ளைத் தண்ணி" என்றார்.

"அப்ப அங்கேயே குடியிருங்க" என்றாள் அவள்.

இடைவேளை டீ போடுவது பட்டன் அக்காவின் வேலை. சட்டைகளுக்குப் பட்டன் தைப்பவள். வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டில் வந்த நாளிலிருந்து அவள் போடும் டீ நீர்த்துப்போயிருந்தது. முதலில் வாயைத் திறந்தவர் இஸ்திரிக்காரர்.

"என்னக்கா, இதுல பால் இருக்கா, இல்ல பால் போன வழியில டீ போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தார்.

"காலையில நான் குடிச்சேன், அல்வா மாதிரி இருந்துச்சு. அதே பாட்டில், அதே பால். நடுவுல அது எப்படி எளச்சுப்போச்சு?"

"எனக்கென்ன தெரியும் மாஸ்டர்? இருந்ததைத்தான் ஊத்துனேன்."

"இருந்ததை ஊத்துனியா, எடுத்தது போக மிச்சத்தை ஊத்துனியா? வீட்ல சின்னக் குழந்தை இருக்குன்னா கேட்டு வாங்கிட்டுப் போம்மா. தண்ணிய ஊத்தி நெரப்பி வைக்காத."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டன் அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுழையவில்லை. நுனியை நாக்கில் நனைத்து மறுபடி முயன்றாள். அப்போதும் நுழையவில்லை. "நான் ஒன்னும் பண்ணல மாஸ்டர்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள், ஊசியைப் பார்த்தபடியே.

மறுநாள் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. புதுப் பாட்டிலைத் தன் கையால் திறந்து, வழக்கம்போல் தனக்கு ஒரு டம்ளர் போட்டுக் குடித்துவிட்டு, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார் மாஸ்டர். இடைவேளைக்கு அவரே டீ போட்டார். டீ என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைப்பு.

இஸ்திரிக்காரர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாஸ்டர், சாவி யார்கிட்ட இருக்கு?"

மாஸ்டரின் காது மடல் சூடானது. பழியை வைக்க அவசரமாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. பால் போடுகிறவன்தான் ஏமாற்றுகிறான் என்று முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். அந்த அம்மா எழுந்து வந்து, சாவியை வாங்கி ஃப்ரிட்ஜைத் திறந்து, மிச்சமிருந்த திறக்காத பாட்டில் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். கழுத்துப் பகுதி மஞ்சளாக இருந்தது. அதற்குக் கீழே வெளுப்பு. நடுவில் அளவெடுத்துப் போட்டதுபோல் ஒரு கோடு.

"பாக்கெட் பாலை ஃபேக்டரியில சன்னமான ஓட்டை வழியா அழுத்தி அனுப்புவாங்க மாஸ்டர். கொழுப்பெல்லாம் பொடிப்பொடியா உடைஞ்சு பாலோட கலந்தே நிக்கும். மேலயும் அதே ருசி, அடியிலயும் அதே ருசி. இதைச் சூடு பண்ணிக் கிருமியைக் கொல்றதோட சரி, அழுத்துறதில்ல. நிக்கவெச்சா கொழுப்பு தானா மேல ஏறிடும். கெட்டுப்போனதும் இல்ல, யாரும் தண்ணி கலந்ததும் இல்ல." பாட்டிலைத் தலைகீழாக்கிக் குலுக்கினார். கோடு காணாமல் போனது. "மொதல் நாளே சொன்னேனே, குலுக்கிட்டு ஊத்துங்கன்னு. நீங்க வெட்டிட்டு இருந்தீங்க. தலையாட்டினீங்க."

மெஷின் ஓடும்போது யார் என்ன சொன்னாலும் மாஸ்டர் தலையாட்டுவார்.

மேலே ஏறி நின்றதையெல்லாம் தினமும் குடித்தது யார் என்று அதன்பின் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் வாயின் வழுவழுப்பே அவருக்கு அருவருப்பாக இருந்தது. கூடத்தைத் தாண்டித்தான் தன் மேசைக்குப் போக வேண்டும். அளவு நாடாவைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டே போனார். நாடா கழுத்தில் கிடந்தது.

வீட்டில் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். செய்யவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"கூடத்துல."

"அப்ப தப்புன்னு சொல்றதையும் அங்கதான் சொல்லணும். படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டு முணுமுணுத்துட்டு வராதீங்க."

அவர் யோசித்து வைத்திருந்தது படிக்கட்டைத்தான்.

மறுநாள் காலை டீ அவருக்கு இறங்கவில்லை. இடைவேளைக்குப் பாட்டிலைக் குலுக்கினார். பழக்கமில்லாத கை, மூடி லேசாகத் தளர்ந்திருந்தது, சட்டையெல்லாம் பால். அந்தக் கறையோடேயே முதல் டம்ளர் டீயைக் கொண்டுபோய்ப் பட்டன் அக்காவின் முன்னால் வைத்தார்.

"ஏம்மா... அது... மேல இருந்ததை நான்தான்..."

"சத்தமா சொல்லுங்க மாஸ்டர்," என்றார் இஸ்திரிக்காரர். "அன்னைக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சே."

மாஸ்டர் சுவரோரம் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். கூடம் முழுக்க ஒரே நேரத்தில் ஓய்ந்தது. இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"கெட்டிப் பாலெல்லாம் நான் குடிச்சிட்டேன். இந்தம்மா மேல பழி போட்டேன். இவங்க ஒரு சொட்டு எடுக்கல."

'இந்தம்மா', 'இவங்க' என்று அவளைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரும் பட்டன் அக்காவைப் பார்த்தார்கள். அவள் டம்ளரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு எடுத்து, நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி மாஸ்டர். சுவிட்சைப் போடுங்க. சட்டை குவிஞ்சு கெடக்கு."

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. கோபம் ஆறவில்லை போலிருக்கிறது, ஆறாததும் நியாயம்தானே என்று மாஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டு, அவளுடைய காலி ஸ்டூலுக்கு முதுகு காட்டி நின்று வெட்டினார். சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது இஸ்திரிக்காரரிடம் கேட்டேவிட்டார்.

"கோவமா? அக்காவுக்குப் பால் சேராதே மாஸ்டர், சின்ன வயசுலேர்ந்தே. இங்க எத்தனை வருஷமா பால் ஊத்தாத வெறும் டீதான் குடிக்குது. நேத்து பஸ் ஸ்டாப்புலயே வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு."