முதல் பக்கத்துக்கு எவ்வளவு பசை

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகிச் சேந்தமங்கலத்துப் பக்கம் வந்த புதிதில், எங்கள் கல்யாணப் படங்களை ஒட்டிவைக்க ஒரு ஸ்கிராப் நோட்டு வாங்கினேன். ஆல்பம் வாங்கித் தருவதாகச் சொன்ன கணவர் லாரியோடு வடக்கே கிளம்பும்போது, "நீயே நல்லா ஒட்டிப்போடு" என்று பெரிய மனதோடு பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

ஒரு வாரப் பத்திரிகையில் வழிமுறை போட்டிருந்தது. முதலில் படங்களை ஒட்டாமல் பரப்பிப் பார்க்க வேண்டுமாம். பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் கூடாதாம். சுற்றிலும் காலி இடம் விட வேண்டுமாம். எழுதிய புண்ணியவதிக்கு மாமியார் கிடையாது போலிருக்கிறது.

பாயில் படங்களைப் பரப்பி, நோட்டில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்துக்கு நாங்கள் இருவரும் மாலையோடு நிற்கும் படம். மாமியார் வந்து குனிந்து பார்த்தார்.

"ஏனம்மிணி, மொதப் பக்கத்துல பெரியவங்க இல்லீன்னா ஊட்டுக்கு வாரவங்க என்ன நெனப்பாங்க?"

பெரியவங்க என்றால் என் மாமனாரின் அண்ணன். கல்யாணத்தில் அவர் செய்த ஒரே வேலை, பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாற்காலி சரியில்லை என்றது. ஆக, முதல் பக்கம் அவருக்கு, தலைப்பாகையோடு, தனியாக. இரண்டாம் பக்கம் மாமனார். மூன்றாம் பக்கம் மாமியார், நான்கு படங்கள். காலி இடமாவது ஒன்றாவது! மாலையும் கழுத்துமாக நாங்கள் ஏழாம் பக்கத்துக்குப் போனோம்.

ஒரு படம் மிஞ்சியது. அப்பா போன பிறகு என் அம்மாவுக்கு வெள்ளைச் சீலைதான். கல்யாணத்தன்று மணமேடைப் பக்கமே வராமல் சமையல் கொட்டகையில் நின்றுகொண்டார். பெண்ணைப் பெற்றவள் அங்கே இருந்தாள் என்பதற்கு அத்தாட்சி, பந்திப் படத்தின் ஓரத்தில் கையில் சொம்போடு அவர் நிற்கும் அந்த ஒன்றுதான்.

"நல்ல காரியத்துப் புஸ்தகத்துல வெள்ளைச் சீலை எதுக்கு? அந்த ஓரத்தக் கத்தரிச்சுப் போடு, சாமி" என்றார் மாமியார், பிரியமாகத்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சரிங்க அத்தை" என்றேன்.

ஊரைச் சுற்றி ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிகள். எங்கள் வீட்டில் பசை என்றால் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மாவைக் காய்ச்சுவதுதான். பெரியவர் கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று முதல் பக்கத்துக்கு மாமியாரே சட்டியில் கைவிட்டு அள்ளிப் பூசினார். அடுத்தடுத்த பக்கங்களில் மரியாதை குறையக் குறையப் பசையும் குறைந்தது. தன் படம் உள்ள பக்கத்தைத் தாண்டி அவர் புரட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் அம்மாவைக் கத்தரிக்காமல் கடைசிப் பக்கத்தில் வைத்தேன். சட்டியில் மிஞ்சியிருந்தது இரண்டு சொட்டுப் பசை.

ஐப்பசி மழைக்கு நோட்டு பரண்மேல் ஏறியது. தையில் அம்மா வந்தபோது இறக்கித் திறந்தேன். கரப்பான்களுக்குக் குச்சிக்கிழங்குப் பசை பிடிக்கும் என்று பத்திரிகையில் போடவில்லை. பெரியவரில் தலைப்பாகை மட்டும் மிச்சம். மாமனாருக்கு முகம் இல்லை. நான்கு மாமியாரில் ஒருவர்கூட முழுசாக இல்லை. எங்கள் மாலையில் ஓட்டைகள். கடைசிப் பக்கத்தில் அம்மா, சொம்போடு, ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

மாமியாரும் பக்கத்தில்தான் இருந்தார். அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"என்னைய மட்டும் பூச்சிகூடத் தொடலியா, சாமி?"

தலைப்பாகை தவிர முதல் பக்கம் எப்படியும் காலியாகத்தானே கிடந்தது? அதையும் பெயர்த்துவிட்டு அம்மாவை அங்கே ஒட்டினேன், இரண்டே சொட்டுப் பசையில்.