சந்தனம் காய்ந்த பேட்டரி

ஷீட் கூரை போடுகிறவனுக்கு முதலில் தேய்வது மணிக்கட்டுதான். அதனால் நான் சின்ன பேட்டரிக் கட்சி. டிரில்லில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. ஒரு கையால் ஷீட்டை அமுக்கிக்கொண்டு மறு கையால் ஸ்குரூ இறக்கலாம். என்ன, இரும்புக் குழாயில் கொஞ்ச நேரம் போட்டாலே மூச்சை விட்டுவிடும்.

என்னோடு வேலைக்கு வரும் மச்சான், என் மனைவியின் தம்பி, பெரிய பேட்டரிக் கட்சி. "கனமா இருந்தா இன்னா மாமா, நாள் பூரா ஓடுதுல்ல" என்பான். அவன் கீழே நின்று ஷீட் எடுத்துக் கொடுக்கிறவன். கனம் யார் கைக்கு?

ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு வீடு. நடவு வேலைக்குப் போகிற அம்மா ஒருவருடையது. மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகி, அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வருகிறாள். ஒழுகுகிற வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டதால்தான் இந்தக் கூரையே. பழைய ஓடுகளைப் பிரித்து, குழாய்ச் சட்டமும் முன்பே வைத்தாயிற்று. ஷீட் மட்டும் பாக்கி.

அன்று ஊரில் மாதாந்திர ஷட்டவுன், சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. தெரிந்துதான் போனேன். சின்னது இரண்டிலும் முழு சார்ஜ், துணைக்குப் பெரியது ஒன்று.

மூன்று மணி தாண்டியதும் சின்னது இரண்டும் படுத்துவிட்டன. இன்னும் மூன்று ஷீட். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. பெரியதை மாட்டினேன். அசையவில்லை. கழற்றினேன், தட்டினேன், மறுபடி மாட்டினேன். பேட்டரியில் சார்ஜ் காட்டுகிற நாலு விளக்கும் ஜோராக எரிகிறது, டிரில் மட்டும் சுற்றவில்லை. கையால் முறுக்கினால் இரும்பில் இறங்குகிற ஸ்குரூவும் இல்லை அது.

"இதான் நாள் பூரா ஓடுற பேட்டரியாடா?" என்று மச்சான் மேல் பாய்ந்தேன்.

அவன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மாமா, உள்ள பாரு. சந்தனம்."

வைத்தவன் நானேதான். விலை அதிகம் என்று பூஜையில் பெரியதற்குத் தனி மரியாதை. கட்டைவிரலால் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். அது வழிந்து, டிரில்லுக்குக் கரண்ட் கொடுக்கிற தகடு இருக்கும் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்து கிடந்தது. சின்னது இரண்டும் பையிலேயே கிடந்ததால் தப்பித்தன. என் மேலேயே எனக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது. பெரிய பக்திமான்!

ஊக்கை வைத்துச் சுரண்டினோம். ஊக்கு முனை மட்டுமே போகிற பள்ளம். பாதி சுரண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவும் வந்து நின்றது.

மகள் மடியில் குழந்தை, பக்கத்தில் மாமியார். அவர் இறங்கவில்லை. தலையை நீட்டிக் கூரையில் இருந்த திறப்பைப் பார்த்தார். "வண்டிய திருப்புபா, எங்க வூட்டுக்கே போய்டலாம்" என்றார்.

மகள் அம்மாவையே பார்த்தாள். அந்த அம்மா நனைந்துகொண்டே போய், குழந்தையின் துணியைக் கால்வரை இழுத்துவிட்டு, ஒதுங்கி நின்றார். ஆட்டோ கிளம்பிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் டிரில் சுற்றியது. எடுத்துக் கிணற்றில் வீசலாம்போல இருந்தது. விறுவிறுவென்று ஏணியில் ஏறினேன். அந்த அம்மா வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே இன்னா அவசரம்ணா?" என்றார். "மெதுவாவே போடு."