செம்பு பாட்டிலில் கொம்புச்சா

டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சா, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு முறை பூஞ்சை பிடித்து வீணானது. மூன்றாவது முறை நன்றாக வந்தது. அந்தப் பெருமையில், கணவர் ஆபீசுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் செம்பு பாட்டிலில் அதை முந்தின நாளே நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்தேன். செம்பும் உடம்புக்கு நல்லதுதானே!

காலையில் ரயிலிலிருந்து பேசினார்.

"நீ குடுத்ததக் குடிச்சதுலேருந்து குமட்டுதும்மா."

"உடனே இறங்கிடுங்க!"

"கூட்டத்துல நகரவே முடியல..."

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எந்த ஸ்டேஷனுக்கு என்று ஓடுவது?

அப்புறம் அவர் போனிலிருந்து யாரோ பேசினார். "அக்கா, சாரை கிண்டில இறக்கி உட்கார வச்சிருக்கோம். ஒரே வாந்தி. சீக்கிரம் வாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிந்துகொண்டார். "புளிச்சத செம்புல வைக்கலாமா? செம்பு கரைஞ்சு உள்ள போயிருக்கு."

நல்லவேளை, சாயங்காலம் தேறிவிட்டார்.

இப்போதெல்லாம் கொம்புச்சா கண்ணாடி பாட்டிலில் மட்டும்தான். அன்று வீடு திரும்பி அந்தச் செம்பு பாட்டிலைத் திறந்து பார்த்தேன். வாராவாரம் புளி கரைத்து ஊற்றி நான் குலுக்கிக் கழுவும் உள்பக்கம், கழுவாமலே பளபளத்தது.