வசந்தியின் மூக்குத்தி யாரிடம் இருக்கிறது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ சொல்லுகிற ஆள் நான். அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் இருபது வருஷமாக கிரேன் ஓட்டுகிறேன், கண்ணுக்குத் தெரிகிற கொக்கியையும் கீழே நிற்பவனின் கைச்சாடையையும் விட்டுவிட்டு வேறு எதையாவது நம்பினால் எங்கள் வேலையில் ஆள் செத்துப்போவான். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மனைவி வசந்திக்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பி வெடித்தது. சென்னைக்குக் கொண்டுபோனோம், மண்டையைத் திறந்து அந்த உப்பலின் அடியில் கிளிப் போட்டார்கள். மறுநாள் ஐசியுவில் வந்து பார்க்கச் சொன்னார்கள். மொட்டைத் தலையும் வீங்கிப்போன முகமுமாக அவள் கிடந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி நடந்து போய் இருட்டுகிற வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் கேட்டபோது, பக்கத்திலேயேதான் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

அவ்வப்போது வந்து ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மெயின்லேண்ட் போவதென்றால் எங்களுக்கு எல்டிசி, அதாவது ஊருக்குப் போய்வர ஆபீஸ் கொடுக்கிற டிக்கெட் காசு, வந்தால்தான். ஒரு எல்டிசி பரமக்குடியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனது, இன்னொன்று திருப்பதிக்கு. "நல்லாத்தானே இருக்க, அடுத்த எல்டிசியில பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான், அவள் இல்லை. போன வருஷம் ஒருநாள் காலையில் அவளுடைய இடது கண்ணிமை பாதியில் இறங்கி நின்றது. பழைய கிளிப்பின் ஓரத்திலேயே மறுபடி உப்பியிருந்தது. திரும்ப மண்டையைத் திறப்பது ஆபத்து, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரைக்கும் விட்டு, உப்பலுக்குள் கம்பிச் சுருளை வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள்.

நான் கூடப் போகவில்லை. கப்பல் நெருக்கம், லீவு கிடைக்காது என்றேன். பொய். கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். அந்த மாதிரி ஒரு வாசலில் இன்னொரு தடவை நிற்கப் பயம், அவ்வளவுதான். அவள் தம்பி குமார் சென்னையிலிருந்து வந்து கூட்டிப்போனான்.

ஆபரேஷன் அன்று காலை பதினொன்றேகால் இருக்கும், நல்ல வெயில். சிமெண்ட் மூட்டைகளைக் கப்பலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் இடது கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். நம்பினால் நம்புங்கள், கேபினில் நான் ஒருத்தன்தான். ஜில்லென்று சின்னக் கை, விரல் விரலாகத் தெரிந்தது. லீவரை அசைக்க முடியவில்லை. மூட்டைகள் அந்தரத்தில் தொங்குகின்றன, கீழே சாடை காட்டுகிற பிஸ்வாஸ், "அரே பாய், நீச்சே லாவோ!" என்று கீழே இறக்கச் சொல்லிக் கத்துகிறான். எத்தனை நிமிஷமோ தெரியாது. பிடி விட்டதும் பாரத்தை இறக்கிவிட்டுப் பார்த்தேன், புறங்கையில் நாலு நகக்குறி.

மத்தியானம் குமார் போன் பண்ணினான். "மச்சான், அந்தக் கம்பிச் சுருளை வச்சாச்சு, அக்கா நல்லாருக்கு." கேபினிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சில வாரம் கழித்து வசந்தி வீட்டுக்கு வந்தாள். முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க வந்ததை நான் யார்ட்டயும் சொல்லல. குமார்ட்ட கூட."

"எங்க வந்ததை?"

"நடிக்காதீங்க. சுட்டி போடாம காலை ஃப்ளைட்ல வந்துட்டு அப்படியே திரும்பிட்டீங்கல்ல? ஆபீஸுக்குத் தெரிஞ்சா வம்புதான்." லீவை இங்கே எல்லோரும் சுட்டி என்றுதான் சொல்வோம். "மயக்க ஊசி போடுற வரைக்கும் கையைப் பிடிச்சிட்டு நின்னீங்க. நான்தான் பயத்துல நகம் பதிய அழுத்திட்டேன். வலிச்சுச்சா?"

நகக்குறி இருந்த புறங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"அன்னைக்கு ஐசியு வாசலோட திரும்பி ஓடிட்டேன், மன்னிச்சிருன்னு அழுதீங்களே, அதை இத்தனை வருஷமாவா மனசுல வச்சிருந்தீங்க? நான் மன்னிச்சிட்டேங்க. விடுங்க."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

குமாரிடம் மட்டும் சுற்றிவளைத்துக் கேட்டேன். அந்த அறைக்குள் வீட்டு ஆட்களை விடவே மாட்டார்களாம், அந்த நேரம் அவனும் கீழே மருந்து வாங்கப் போயிருந்தானாம். ஒன்றுதான் அவனுக்கும் புரியவில்லை. உள்ளே போகுமுன் வசந்தி கழற்றிய சிவப்புக்கல் மூக்குத்தி அவனிடம் வந்துசேரவில்லை. கேட்டதற்கு நர்ஸ், "அவங்க வீட்டுக்காரர் கையிலயே குடுத்துட்டாங்களே" என்றாராம்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் காட்டுகிற பிரியமெல்லாம் எனக்கு உறுத்துகிறது. வந்து நின்றது யாரோ, என்னைவிட நல்ல புருஷன். மன்னிப்புக் கேட்டதும் அவன்தான், என் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அதே ஆஸ்பத்திரியில் மறுபடி குழாய் விட்டுச் செக்கப். இந்தத் தடவை லீவு போட்டு ரெண்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். வசந்தி வேறு மூக்குத்தி போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "புதுசு எதுக்கு? உங்ககிட்டதானே குடுத்தேன். அங்க வர்றப்ப மறக்காம எடுத்துட்டு வாங்க."

குவார்ட்டர்ஸ் முழுக்கத் தேடிவிட்டேன், கிரேன் கேபின் வரைக்கும். என்னிடம் இல்லை. அந்த வாசலில் நான் நிற்கத்தான் போகிறேன். கதவு திறந்து அவளை வெளியே கொண்டுவரும்போது அந்தச் சிவப்புக்கல் அவள் மூக்கில் இருந்தால், நான் அவளிடம் என்ன சொல்வேன்?