அறுந்துகொண்டே இருந்த ஜரிகை

எனக்குக் கோபம் வந்தால் தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிடுவேன். கிழிந்த பாவாடையோ தலையணை உறையோ, கையில் கிடைத்ததைக் கடகடவென்று ஓட்டித் தள்ளுவேன். அந்தச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரர் சவாரி இல்லாவிட்டாலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிப்பட்ட எனக்கு ஒரு வாரம் முழுக்க மெஷினே கோபத்தைக் கிளப்பியது. எல்லாம் ஒரு ஜரிகை நூல் செய்த வேலை.

மகளுக்குத் திருப்பத்தூரில் கல்லூரி கிடைத்திருந்தது. எங்கள் மலையூரை விட்டு இறங்கி, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்புகிறாய் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் ஒருத்தரையும் விடவில்லை. வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டேன். எல்லாரும் வாயை மூடின பிறகு, பெண்ணே ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு போர்வ தெச்சுக் குடும்மா. அது முடிஞ்சாதான் போவேன்."

"கடைல வாங்கினா போச்சு. இன்னாத்துக்கு இந்த வேல?"

"கடைல சாமக்கதிரு போட்டு விக்கிறாங்களா இன்னா?"

விளையாட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் பெட்டியைத் திறந்து வைத்தாளே ஒழிய, ஒரு துணியைக்கூட அதில் மடித்து வைக்கவில்லை. கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது. போர்வை முடியாவிட்டால் இவள் போகமாட்டாள், நான் போட்ட சண்டையெல்லாம் வீண், சொந்தக்காரர்கள் முன்னால் என் முகம் எங்கே போகும்? தைக்க உட்கார்ந்தேன்.

மேலே பச்சைத் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் என் மாமனாரின் பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து மேலே கோலம் மாதிரித் தையல் ஓட்ட வேண்டும். விளைந்த சாமை தலை சாய்ந்து நிற்பது போல மகளே சாக்குக்கட்டியால் கதிர் கதிராக வரைந்து கொடுத்தாள். விளைந்த கதிர் நிறத்துக்குச் சரியாக ஒரு கண்டு ஜரிகையும் திருப்பத்தூர் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைத்தது.

கோத்தேன், மிதித்தேன். ஒரு சாண்கூடப் போகவில்லை, டப்பென்று அறுந்தது. மறுபடி கோத்தேன். மறுபடி டப். நேராக ஓட்டும்போது கொஞ்சம் தாங்கியது. கதிர் வளைகிற இடத்தில் மட்டும் மேல்பூச்சு உரிந்து, உள்ளே இருக்கும் நூல் மயிரிழையாக நீட்டிக்கொண்டு நின்றது.

தையலில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். பதினாறாம் நம்பர் ஊசியைக் கழற்றி, காது பெரிதான பதினெட்டைப் போட்டேன். அடி நூலுக்கான பாபினில் சாதா பாலியஸ்டர் நூலைச் சுற்றினேன். மேல் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். நூல்கண்டு மெஷின் தலையில் நின்றபடி முறுக்கிக்கொண்டு வருகிறதோ என்று, மெஷினுக்குப் பின்னால் ஒரு சொம்பில் படுக்கப் போட்டு உருள விட்டேன். என் சுபாவத்துக்கே ஆகாத காரியம், மெல்ல மெல்ல மிதித்தேன். சாண் கணக்கு முழக் கணக்காயிற்று. அறுந்துபோவது மட்டும் நிற்கவில்லை.

போர்வை கனம். அதன் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மெஷின் நின்றால் போதும், "அறுந்துடுச்சாம்மா?" என்பாள். கேட்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். அம்மா அவதிப்படுவதில் இந்தப் பெண்ணுக்கு என்ன சந்தோஷமோ என்று எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். "ஜீப்பு க்ளட்ச் வயரு பழசு ஒண்ணு கெடக்குது. தரட்டுமா? அது அறாது."

"நீங்க வேலயப் பாருங்க!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆத்திரம் தாங்காமல் ஒரு துணிக் கிழிசலை எடுத்தேன். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவில் அதை விட்டு, பல் தேய்ப்பது மாதிரி இழுத்தேன். கிழிசல் மஞ்சளாக வந்தது. இன்னொரு இழுப்பு, குங்குமச் சிவப்பு. நகத்தால் நெருடினால் மணல் மாதிரிக் கரகரத்தது.

போன ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு. மற்றவர்கள் மெஷினுக்கு ஒரு விரலால் தொட்டு வைப்பார்கள். நமக்குத்தான் எதிலும் தாராளம் ஆயிற்றே. அந்தத் தட்டுகளை இறுக்குகிற திருகு முன்பக்கம் வட்டமாக, நெற்றி மாதிரி இருக்கும். அங்கேதான் தண்ணியாகக் கரைத்த சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தேன். அது வழிந்து தட்டுகளுக்குள் இறங்கிக் காய்ந்து கிடந்திருக்கிறது. பருத்தி நூல் இத்தனை மாதம் பொறுத்துக்கொண்டு ஓடியது. ரோஷக்கார ஜரிகை உரசின இடத்திலேயே தோலை உரித்துக் காட்டிவிட்டது. சாமிக்கு வைத்ததைத் திட்டவும் முடியாது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்டுகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

அதற்கப்புறம் ஓடியது பாருங்கள்! வளைவு, நெளிவு, நுனி எதிலும் ஜரிகை முறைக்கவில்லை. கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. எனக்குப் பாட்டே வந்துவிட்டது. "பாத்தியாடி உங்கம்மா கைய!" என்று பீற்றிக்கொண்டேன். அவள் குனிந்து போர்வை முனையை நீவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் கடைசிக் கதிருக்கு வந்தேன். வெளியே அவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார், காலையில் மகளைக் கொண்டுபோய் விடுவதற்காக. துணி நகராமல் முரண்டு பிடித்தது.

"ஏன்டி புடிச்சு இழுக்கற?"

"நான் இன்னா இழுக்கறேன்? சும்மாதான் புடிச்சினுகீறேன்."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் நிறையத் தண்ணீர். இந்த வாரம் முழுக்க ஜரிகை அறும்போதெல்லாம் அவளுக்கு ஏன் முகம் மலர்ந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே போக அவளுக்குப் பயம். ஊரெல்லாம் சண்டை போட்டு அனுப்பிவைக்கிற அம்மாவிடம் அதை எப்படிச் சொல்லுவாள்? எனக்கு மட்டும் என்ன? இவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? கால் தானாக நின்றுவிட்டது.

"அறுந்துடுச்சாம்மா?" என்றாள் மெதுவாக.

ஜரிகையை நறுக்கிவிடக் கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இல்லடி. நல்லா ஓடுது," என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.