கிருத்திகையில் மாட்டிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. வாரம் ஆறு நாள் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவள் ஏழாம் நாளாவது காலை நீட்டிப் படுப்பாள் என்று என் கணவர் கல்யாணமான புதிதில் நம்பினார். இப்போது அந்த நம்பிக்கையை விட்டுவிட்டார். "உனுக்குக் கால்ல சக்கரம்டி. பிரேக்கு வெக்கத்தான் மறந்துட்டாங்க" என்பார். எட்டு மணிக்குள் நான் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

என்னோடு ஊர் சுற்ற ஒருத்திதான் உண்டு. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. அரக்கோணத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்தவரின் மகள்; கல்யாணமாகிப் பெரம்பூருக்குப் போனவள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலை ரயிலில் திருத்தணி வந்து இறங்குவாள். நகரிக்குப் போய்ப் புடவை பார்ப்போம், திருவாலங்காட்டுக் குளத்துப் படியில் பொரி தின்போம். சாயங்காலம் நான்தான் முந்தி ஓடி ரயிலில் ஜன்னல் சீட்டில் கைக்குட்டை போட்டு வைப்பேன். அவ்வளவு தூரம் அவள் நின்றுகொண்டு போகக் கூடாது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம்.

மூன்று மாதமாக அவள் ஏதோ சொல்ல வந்துகொண்டே இருந்தாள். "உங்கிட்ட ஒன்னு சொல்லணும்டி" என்று ஆரம்பிப்பாள். "பஸ்ஸு வந்துடுச்சு பாரு, ஏறிக்கினு சொல்லு" என்பேன் நான். ஏறியதும் பேச்சு வேறெங்கோ போய்விடும். நான் கவனிக்காமல் இல்லை. நல்ல சேதி சொல்ல வருகிறவளின் முகமா அது? கேட்கப் பயமாக இருந்தது. எங்கேயாவது நின்றால் கேட்க வேண்டிவரும். அதனால் நான் நிற்கவில்லை.

அந்த ஞாயிறு ஸ்டேஷனுக்குப் போனபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். ரயில் பெட்டி பெட்டியாகக் காவடிகளைக் கொட்டியது. கிருத்திகை! திருத்தணியில் வாழ்க்கைப்பட்டுப் பத்து வருஷமாகிறது; கிருத்திகை தெரியாமல் ஒருத்தி நாள் குறிப்பாளா? பூக்கடையில் விலை ஏறினாலே தெரிந்துவிடும், கறிக்கடை வெறிச்சோடினாலே தெரிந்துவிடும். எனக்கு வாரத்தில் ஞாயிறு எது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. மஞ்சள் துணிக் கூட்டத்தின் நடுவே அவள் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி இது, இன்னிக்குப் போய் வரச் சொல்லிக்கீற?"

"மறந்துட்டேன்டி."

"சரி வுடு. உங்க வீட்டுக்கே போவலாம். நிம்மதியா உக்காந்து பேசலாம்."

நானா கேட்பேன்? ஊருக்குள் நடக்க முடியாது என்று சாக்குச் சொல்லி, ஊருக்கு வெளியே போய்ச் சோளிங்கர் பஸ்ஸில் அவளையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அங்கே வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினோம். வளையல் வாங்கினோம், அவளுக்கு வேண்டாத ஒரு எவர்சில்வர் தூக்கும் வாங்கினோம். திரும்பும்போது பஸ் கே.ஜி.கண்டிகையிலேயே நின்றுவிட்டது. "திருத்தணிக்குள்ள வண்டி போவாதுங்க, ஒரே ஜனம். எல்லாம் எறங்கிக்குங்க" என்றார் கண்டக்டர்.

டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செத்த நேரம் உக்காருடி. ஆட்டோ வரப்ப வரட்டும்" என்றாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு இருக்காருல்ல..."

ஆட்டோ ஒன்று திரும்புவது தெரிந்தது. "இரு, இரு!" என்று நான் ஓடிவிட்டேன். கையைக் காட்டி நிறுத்தி, அவளை இழுத்து உள்ளே தள்ளி, பால்குடம் வைத்திருந்த ஒரு அம்மாவோடு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வழியெல்லாம் அவள் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்கால ரயிலில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் நான் ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டேன். வெற்றியோடு அவளை அதில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினால் காவடியும் குழந்தையும் மொட்டைத் தலையுமாக வழி அடைத்திருந்தது. "கொஞ்சம் வுடுங்க, நான் எறங்கணும்!" என்று கத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "சரி, அரக்கோணத்துல எறங்கி அடுத்த வண்டி புடிச்சு வந்துடறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன். அரக்கோணம் வரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது ஒன்றும் ஞாபகமில்லை.

அரக்கோணத்தில் இடித்துப் பிடித்து இறங்கி, அவளுக்குக் கை காட்டலாம் என்று ஜன்னலைப் பார்த்தேன். அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் பின்னால் நின்றாள், தூக்கும் கையுமாக.

"நீ ஏன்டி எறங்குன? வண்டி போயிடும், ஏறு!"

"நான் இங்கதான்டி எறங்குவேன்" என்றாள். "மூணு மாசமா இங்கதான். அம்மா வீட்ல."

வண்டி போனது. மூன்று மாதமாகப் பெரம்பூர் வரைக்கும் அவள் சௌகரியமாகப் போகட்டும் என்று ஓடி ஓடி நான் பிடித்துக் கொடுத்த சீட்டில் அவள் ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். இறங்கி, நடந்து, அம்மா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். மறுபடி எனக்காகச் சிங்காரித்துக்கொண்டு வந்து, நான் இழுத்த பக்கமெல்லாம் நடந்திருக்கிறாள். வெட்கத்தில் என் காது சுட்டது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது; அதற்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"வுட்டுட்டு வந்துட்டியா?"

"ஆங். அந்தாள் கூட இருக்க முடியலடி." அவ்வளவுதான் சொன்னாள்.

எதிர் பிளாட்பாரத்தில் திருத்தணி போகிற வண்டி வந்து நின்றது. என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியதை அவள் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போடி, வண்டிய வுட்டுடாத. ஒன்னே ஒன்னு கேக்கறேன்" என்றாள். "அடுத்த வாட்டி எங்கயும் போவாம, சும்மா உக்காந்துகினு இருக்கலாமா?"

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். திருத்தணி வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப சொல்லு" என்றேன்.